களவெட்டியும் காலநிலையும்: மட்டக்களப்பு வாவிப் பிரதேச மரபிலக்கியத்தில் நிலம் பேணுதல் பற்றிய ஒரு நோக்கு

காலநிலை மாற்றம் பற்றிய பேச்சு இன்று அறிவியலாளரின் எல்லையைக் கடந்து கலை இலக்கியத் துறைக்குள்ளும் புகுந்துள்ளது. புவி வெப்பமடைதலை எண்ணி மனிதர் கொள்ளும் கலக்கம் ஓர் உளநிலையாக இனங்காணப்பட்டு அதற்குப் பெயரும் இடப்பட்டுள்ளது. இக்கலக்கத்துக்கு மருந்து தேடுவோர் உலகின் பல பாகங்களிலும் வாழும் ஆதிக்குடிகளின் நிலம் பேணும் மரபுகளைச் சுட்டிக்காட்டுகின்றனர். மண்ணைத் தாயாகக் கண்டோர், மரத்தைத் தெய்வமாகத் தொழுதோர், தேவைக்கு மேல் எடுக்காதோர் என்றெல்லாம் அம்மக்கள் போற்றப்படுகின்றனர். ஈழத்துத் தமிழ்ச் சூழலில் இத்தகைய போற்றுதலுக்கு வாய்ப்பான நிலப்பகுதியாக மட்டக்களப்பு வாவிப் பிரதேசம் அமைந்துள்ளது. வாகரையின் வேடர், கண்ணகி கோயில்கள், மழைவேண்டும் பாடல்கள், வயல்வெளிச் சடங்குகள் ஆகியன ஒன்றாகத் திரட்டப்பட்டு, இழந்துபோன ஒரு பொற்காலத்தின் சான்றுகளாக நம்முன் வைக்கப்படுகின்றன.

இப்போற்றுதலை முற்றாக மறுப்பது நமது நோக்கமன்று. அதில் உண்மையின் ஒரு கூறு உண்டு. ஆயினும் நிலம் பேணப்பட்டது என்று கூறுமிடத்து, எவருடைய நிலம், எவருடைய உழைப்பால், எவ்வகை உறவுகளின் கீழ்ப் பேணப்பட்டது என்னும் வினாக்களை எழுப்பாத திறனாய்வு, வரலாற்றைக் கைவிட்ட திறனாய்வாகும். இவ்வினாக்களை முன்வைத்து, மட்டக்களப்புப் பிரதேசத்தின் தலக்கதைகள், கண்ணகி வழிபாட்டிலக்கியம், களத்துப் பாடல்கள், நவீன காவியமொன்று ஆகியவற்றை நோக்குவதே இக்கட்டுரையின் முயற்சியாகும்.

1. நிலமும் திணையும்

மட்டக்களப்பு வாவி வடக்குத் தெற்காக ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளமுடையது. அதன் கிழக்கே கடலுக்கும் வாவிக்குமிடையில் கிடக்கும் மணற்றரை எழுவான்கரை என்றும், மேற்கே விரியும் வயல்நிலம் படுவான்கரை என்றும் வழங்கப்படும். படுவான்கரைக்கு அப்பால் மேய்ச்சற்றரையும் காடும் உள்ளன. கடல், வாவி, வயல், புல்வெளி, காடு என்பன சில மைல் தூரத்துக்குள் அடுத்தடுத்து அமைந்த இந்நிலக்கிடை, பழந்தமிழரின் திணைப் பாகுபாட்டை நினைவூட்டுகின்றது. கா. சிவத்தம்பி 1974இல் எழுதிய ஆங்கிலக் கட்டுரையில், திணைகளை வெறும் நிலவியல் வகைகளாகக் கொள்ளாது, சமனற்ற வளர்ச்சி பெற்ற சமூகப் பொருளாதார அமைப்புக்களாக விளக்கினார். அவ்விளக்கம் மட்டக்களப்புக்கும் பொருந்தும். இங்கு திணைகள் அருகருகே கிடப்பவை மட்டுமல்ல. ஒன்றையொன்று தாங்கி நிற்பவையுமாம்.

இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு மாடுகளின் இடப்பெயர்வாகும். வடகீழ்ப் பருவமழையை நம்பிப் பெரும்போகம் விதைக்கப்படுங் காலத்தில் மாட்டுப் பட்டிகள் வயற்பகுதிகளிலிருந்து மேற்கேயுள்ள மேய்ச்சற்றரைகளுக்குக் கொண்டுசெல்லப்படும். அறுவடை முடிந்தபின் அவை மீண்டும் தாளடி மேயவரும். மாட்டுக்குத் தீனியும் மண்ணுக்கு எருவும் ஒரே செயலில் கிடைத்தன. விதைக்கும் நாள், நீர் திறக்கும் நாள், வேலியடைக்கும் நாள், மாடுகளை அகற்றும் நாள் ஆகியன உழவர் கூடித் தீர்மானிப்பனவாக இருந்தன. இன்றும் அரச அலுவலர் முன்னிலையில் நடைபெறும் ஆரம்பக் கூட்டங்களில் அம்மரபின் எச்சத்தைக் காணலாம். வாய்க்கால் நீரைப் பங்கிடும் வட்டவிதானை உழவராலே தெரிவுசெய்யப்பட்டு நெல்லாலே கூலி பெற்றமையும் இவ்வொழுங்கின் ஒரு கூறேயாகும்.

மனிதனுக்கும் மண்ணுக்கும் இடையில் நிகழும் பொருட்பரிமாற்றம் பற்றி மார்க்ஸ் மூலதனத்தின் முதற் தொகுதியில் (1867) விரிவாகச் சிந்தித்துள்ளார். மண்ணிலிருந்து எடுக்கப்பட்ட சத்து மண்ணுக்குத் திரும்பாது நகரத்துக் கழிவாகப் போவதை அவர் முதலாளித்துவ வேளாண்மையின் அடிப்படைக் குறையாகக் கண்டார். வேதியியலாளர் லீபிக்கின் ஆய்வுகளை அவர் ஆர்வத்துடன் பயின்றமைக்குக் காரணமும் இதுவே. மட்டக்களப்பின் மாட்டுப் பட்டிகள் தாளடிக்குத் திரும்பிவந்த பழைய ஒழுங்கு, அத்தகைய பொருட்பரிமாற்றம் முறியாதிருந்த ஒரு நிலையைக் காட்டுகின்றது. இதுவே நாம் மேலே குறிப்பிட்ட உண்மையின் கூறு. ஆனால் உண்மை இத்துடன் முடிந்துவிடவில்லை.

2. குருதி சிந்திய மரம்

மட்டக்களப்பின் பெருங்கோயில்களுள் ஒன்றான கொக்கட்டிச்சோலைத் தான்தோன்றீஸ்வரர் ஆலயத்தின் தோற்றம் பற்றிய கதை யாவரும் அறிந்தது. திடகன் என்னும் வேடன் கொக்கட்டி மரமொன்றை வெட்டியபோது அதிலிருந்து குருதி பெருகிற்று; அவ்விடத்தில் இலிங்கம் காணப்பட்டது; செய்தி அரசியான உலகநாச்சிக்கு எட்டியது; கோயில் எழுந்தது. இதே உலகநாச்சிதான் மன்னனிடம் நிலக்கொடை பெற்று மண்முனையிலே குடியேற்றம் அமைத்தவளாக மட்டக்களப்பு மரபுரைகள் கூறும். மண்டூர்க் கந்தசுவாமி கோயிலின் தலமரபிலும் வேடரே முதலில் வருகின்றனர். தில்லை மரத்தில் தங்கிய வேலை அவர்கள் கண்டு கொத்துப்பந்தரிட்டு வழிபட்டனர் என்பது அக்கதை.

இக்கதைகளை இன்றைய சூழலியல் எழுத்தாளர் எவ்வாறு வாசிப்பர் என்பது ஊகிக்கத்தக்கதே. மரத்துக்கும் உயிர் உண்டு, அதை வெட்டுவது கொலை, வேடனின் மனச்சான்று மரத்தின் குருதியைக் கண்டது என்று அவர்கள் கூறுவர். தில்லை வாவியோரச் சதுப்பில் வளரும் மரமாதலின், அதனைத் தெய்வமாக்கியமை கண்டற்காட்டைக் காக்கும் முன்னோரின் மதிநுட்பம் என்றும் விளக்கம் தரப்படலாம். இவ்வாசிப்பு அழகானது. ஆனால் கதையின் பாதியை மட்டுமே அது கேட்கின்றது.

மரம் ஏன் வெட்டப்பட்டது என்பதைக் கவனித்தல் வேண்டும். காடு வயலாக மாறும் காலத்தின் கதை இது. வெட்டுபவன் வேடன்; வெட்டுண்ட இடத்தில் எழுவது அரசியின் கோயில். காட்டின் உடைமையாளன் கதையின் முடிவில் காட்டின் கண்டுபிடிப்பாளனாக மட்டுமே எஞ்சுகின்றான். எப்.எக்ஸ்.சி. நடராசா 1962இல் பதிப்பித்த மட்டக்களப்பு மான்மியத்தில் குடிகளின் உரிமைகளும் கோயில் வரிசைகளும் ஊழியக் கடமைகளும் விரித்துரைக்கப்படுவதைக் காண்கின்றோம். யார் முதலில் திருநீறு பெறுவது, யார் எந்தத் தொண்டினைச் செய்வது என்னும் ஒழுங்கு நிலவுடைமை ஒழுங்கின் மறுபெயரேயாகும். அவ்வொழுங்கின் தொடக்கத்தில் வேடன் நிற்கின்றான். ஆனால் அதன் பயனில் அவனுக்குப் பங்கு இல்லை. குருதி மரத்தினின்று வந்ததாகக் கதை கூறுகின்றது. ஒரு மக்கட்கூட்டம் தன் நிலத்தை இழந்த வரலாற்றைக் கதை மரத்தின்மேல் ஏற்றிச் சொல்கின்றது எனக் கொள்வது பொருத்தமாகும். மரபிலக்கியம் உண்மையை மறைப்பது மட்டுமன்று, மறைக்கும்போதே அதைக் காட்டியும் விடுகின்றது.

வாகரை, பனிச்சங்கேணி, கதிரவெளி முதலிய இடங்களில் தமிழ் பேசி, சேனை செய்து, வாவியிலும் கடலிலும் மீன்பிடித்து வாழும் வேடர் மக்கள் அவ்வரலாற்றின் உயிருள்ள தொடர்ச்சியாவர். செலிக்மன் தம்பதியர் 1911இல் வெளியிட்ட வேடர் பற்றிய நூலில் கரையோர வேடரைத் தனியே ஆராய்ந்துள்ளனர். அவர்கள் இன்று 'ஆதிக்குடிகள்' என்று கொண்டாடப்படும்போது, கொண்டாடுவோர் அவர்களது பாடலையும் தேனையும் சடங்கையும் விரும்புகின்றனர். காணி உறுதி பற்றிப் பேசுவோர் மிகச் சிலரே. சேனை நிலத்தைச் சில ஆண்டுகள் பயிரிட்டபின் காடு வளர விட்டு வேறிடம் செல்லும் முறை, விரிந்த காடு இருக்கும்வரை மட்டுமே மண்ணுக்கு நன்மை செய்யும். காடு சுருங்கினால் அதே முறை மண்ணை அழிக்கும். எனவே பேணுதல் என்பது ஒரு மக்கட்கூட்டத்தின் குருதியில் ஊறிய குணமன்று. நிலத்தோடு அவர்களுக்குள்ள உரிமையின் பயனேயாகும்.

3. கண்ணகியின் வெம்மையும் குளிர்ச்சியும்

மட்டக்களப்பின் கண்ணகி வழிபாடு தமிழ் பேசும் உலகில் தனித்தன்மை வாய்ந்தது. வி.சீ. கந்தையா 1968இல் பதிப்பித்த கண்ணகி வழக்குரை, கோயில்களில் இன்றும் பாராயணம் செய்யப்படும் நூலாகும். ஆண்டின் பெரும்பகுதி மூடியிருக்கும் கண்ணகி கோயில்கள் பல வைகாசியிலே கதவு திறக்கும். வழக்குரை பாடப்பட்டு, ஈற்றில் குளிர்த்தி நடைபெறும். மதுரையை எரித்த தெய்வத்தின் வெம்மையைத் தணிப்பதே குளிர்த்தியின் பொருள். வைகாசி வெயில் கடுமையானது என்பதும், கிழக்கின் பெருமழை மாரிகாலத்திலேயே கிடைப்பது என்பதும் இங்கு மனங்கொளத்தக்கன. மழைவேண்டிப் பாடப்படும் மழைக்காவியமும், இரு கட்சியாகப் பிரிந்து வளைந்த கொம்புகளைக் கொளுவி இழுக்கும் கொம்புமுறி விளையாட்டும் வரட்சியும் நோயும் வந்த காலங்களோடு தொடர்புடையன.

சடங்கு பற்றி ஜோர்ஜ் தொம்சன் தந்த விளக்கம் நமக்குப் பயன்படும். கைலாசபதியும் சிவத்தம்பியும் பேர்மிங்காமில் அவரிடம் பயின்றவர்கள் என்பது பலரும் அறிந்ததே. உண்மைத் தொழில்நுட்பம் போதாதவிடத்து அதன் குறையை நிரப்பும் கற்பனைத் தொழில்நுட்பமாகச் சடங்கை அவர் கண்டார். பாடலும் ஆடலும் மழையைக் கொண்டுவருவதில்லை. ஆனால் மழைக்காகக் காத்திருக்கும் மக்களை ஒருங்குசேர்த்து, உழைப்புக்கு உரிய மனவுறுதியை அவை வழங்குகின்றன.

இவ்விளக்கத்தின் துணைகொண்டு நோக்குமிடத்து, இன்றைய காலநிலைக் கலக்கத்துக்கும் குளிர்த்தி பாடிய உழவரின் அச்சத்துக்கும் உள்ள வேறுபாடு புலனாகும். வானம் பொய்த்துவிடுமோ என்ற அச்சம் உழவனுக்குப் புதியதன்று. அது அவனுக்குத் தனிமனித நோயாகவும் இருந்ததில்லை. ஊர் அனைத்தும் நெல்லும் தேங்காயும் தந்து, கோயிலைத் துப்புரவு செய்து, இரவு முழுவதும் விழித்திருந்து, அச்சத்தைக் கூட்டுச் செயலாக மாற்றிக்கொண்டது. இன்றைய நகர்ப்புற மத்தியதர வர்க்கத்தின் கலக்கமோ அறைக்குள் தனித்திருப்பவனின் கலக்கம். தான் நுகரும் பொருளையும் தன் எதிர்காலத்தையும் மட்டும் எண்ணி அது வருந்துகின்றது. உற்பத்தியிலிருந்து அறுபட்ட அச்சமாதலின் அதற்குச் செயல்வடிவம் கிடைப்பதில்லை. கண்ணகி வழிபாட்டிலிருந்து நாம் கற்கவேண்டியது ஏதேனும் உண்டாயின், அச்சத்தைக் கூட்டுச் செயலாக்கும் இம்முறைமையே அதுவாகும்.

எனினும் குளிர்த்திப் பந்தரின் கீழ் அனைவரும் சமமாக நின்றனர் எனக் கருதுதல் தவறு. அங்கும் குடிவரிசை உண்டு, சாதிவரிசை உண்டு. பறையறைந்தவனும் துணி விரித்தவனும் தத்தம் எல்லைக்குள்ளேயே நின்றனர். மழை எல்லோர் வயலிலும் பெய்தது. ஆனால் வயல் எல்லோரிடமும் இருக்கவில்லை.

4. களவெட்டியின் மொழி

மட்டக்களப்பில் 'வேளாண்மை' என்னும் சொல் பயிர்த்தொழிலை மட்டுமன்றி, வயலில் நிற்கும் நெற்பயிரையும் குறிக்கும். "வேளாண்மை நல்லா நிக்குது" என உழவர் கூறுவர். செய்யும் தொழிலும் விளையும் பொருளும் ஒரே சொல்லால் குறிக்கப்படுதல், உழைப்புக்கும் இயற்கைக்குமிடையே பிரிவினை தோன்றாத ஒரு நோக்கின் அடையாளமாகும். சூடடிக்கும் களமாகிய களவெட்டிக்கெனத் தனிச்சொற்கள் உண்டு. அங்கு நெல்லைப் பொலி என்றே கூறவேண்டும். பொலி பெருகுக என வேண்டிப் பாடுவது பொலிப்பாட்டு. இச்சொல்விலக்கும் சொல்லாட்சியும் விளைச்சலின்மீது மக்கள் கொண்ட அச்சம் கலந்த மதிப்பினைக் காட்டுவன. தி. சதாசிவ ஐயர் 1940இல் வெளியிட்ட வசந்தன் கவித்திரட்டும் பின்வந்த நாட்டுப்பாடல் தொகுதிகளும் இவ்வுலகை நமக்கு ஓரளவு பாதுகாத்துத் தந்துள்ளன.

களவெட்டியில் பொலி பெருகியது உண்மை. அது எங்கே சென்றது? வயலுக்குடைய போடியார் பெரும்பாலும் எழுவான்கரைவாசி. படுவான்கரை வாடியிலே போகம் முழுவதும் தங்கி உழைத்தவர்கள் முல்லைக்காரனும் அவன்கீழ்ப்பட்ட வயற்கூலிகளும் ஆவர். விதைநெல்லும் எருதும் போடியாருடையன. அறுவடையின் பின் கணக்குத் தீர்க்கப்படும்போது முன்பெற்ற நெல் கழிக்கப்பட்டது. வரம்பு கட்டியவனும், பன்றிக்கும் யானைக்கும் காவல் காத்தவனும், மண்ணின் குணத்தைக் கால் பட்டவுடன் அறிந்தவனும் நிலமற்றவனே. நிலம் பேணும் அறிவு உழைப்பவனிடமும், நிலம் உழையாதவனிடமும் இருந்தமையே இவ்வமைப்பின் அடிப்படை முரண்பாடு. நாட்டுப்பாடல்களிற் கேட்கும் வாடித் தனிமையின் ஏக்கம் காதலேக்கம் மட்டுமன்று. பிறன் வயலைக் காவல் செய்பவனின் ஏக்கமும் அதிற் கலந்துள்ளது.

இவ்வாழ்க்கையை நவீன கவிதையிற் கொண்டுவந்தவருள் நீலாவணன் முதன்மையானவர். 1975இல் மறைந்த அவரது 'வேளாண்மை' என்னும் காவியம் 1982இல் நூலுருப் பெற்றது. மட்டக்களப்பு உழவரின் பேச்சோசையையும் தொழிற்சொற்களையும் செய்யுளோசைக்குள் இணக்கிய அருமை அந்நூலுக்கு உண்டு. அதன் பெயரே நாம் மேலே கூறிய இருபொருளையும் தாங்கி நிற்கின்றது. ஆயினும் அந்நூலை வரவேற்ற திறனாய்வு பெரும்பாலும் 'மண்வாசனை' என்னும் சொல்லோடு நின்றுவிட்டது. ஐம்பது அறுபதுகளில் முற்போக்கு இயக்கம் முன்வைத்த மண்வாசனைக் கோட்பாடு, ஈழத்து இலக்கியம் தன் சொந்தக் காலில் நிற்பதற்கு ஆற்றிய பணி மறுக்கவொண்ணாதது. ஆனால் அது மண்ணின் மணத்தை முகர்ந்த அளவுக்கு மண்ணின் நிலையை ஆராயவில்லை. பாரிய அணைக்கட்டுக்களையும் உழவு இயந்திரத்தையும் உற்பத்திச் சக்திகளின் வளர்ச்சி என்று வரவேற்ற அக்காலத்து முற்போக்குச் சிந்தனை, மண்ணும் நீரும் உற்பத்திச் சக்திகளே, அவை அழியவுங் கூடும் என்பதைப் போதிய அளவு கணக்கில் எடுக்கவில்லை. 'வேளாண்மை' காவியத்தை இன்று மீளவாசிப்போர் அதிற் பேச்சுவழக்கின் இனிமையை மட்டுமன்றி, மறைந்துவரும் ஓர் உற்பத்தி முறையின் சொற்களஞ்சியத்தையும் காணவேண்டும். ஒரு சொல் வழக்கொழியும்போது அச்சொல் குறித்த அறிவும் செயலும் ஒழிந்துபோகின்றன.

5. முறிவின் வரலாறு

பழைய ஒழுங்கு தானாகச் சிதையவில்லை. அதன் சிதைவுக்குத் திட்டவட்டமான ஆண்டுகள் உண்டு. 1840ஆம் ஆண்டின் முடிக்குரிய காணிச் சட்டம், காடும் தரிசும் பயிரிடப்படாத நிலமும் அரசுக்குரியன என்னும் எடுகோளை நிலைநாட்டிற்று. சேனையும் மேய்ச்சற்றரையும் ஒரு கையொப்பத்தால் உரிமையற்ற நிலங்களாயின. தாய்வழி முதுசத்தைத் தனியொருவர் எளிதில் விற்கவியலாது தடுத்த முக்குவச் சட்டம் 1876இல் நீக்கப்பட்டது. அதன்பின் நிலம் சந்தைப் பொருளாவதற்குத் தடை குறைந்தது. 1856ஆம் ஆண்டு நீர்ப்பாசனச் சட்டம் ஊர்வழக்குகளை மதிப்பதாகக் கூறினும், அவ்வழக்குகளின் இறுதிக் காவலனாக அரசு அலுவலனையே நிறுத்திற்று.

சுதந்திரத்தின் பின் 1949இல் தொடங்கிய கல்லோயாத் திட்டம், பட்டிப்பளை ஆற்றை மறித்துச் சேனநாயக்க சமுத்திரத்தை உருவாக்கிற்று. ஆற்றின் மேற்பகுதியில் குடியேற்றங்கள் எழுந்தன. வாய்க்கால்களின் கடைக்கோடியிலிருந்த தமிழ், முஸ்லிம் உழவரின் வயல்கள் நீருக்கு ஏங்கின. 1956 யூனில் அப்பள்ளத்தாக்கில் நிகழ்ந்த வன்செயல், நீரும் இனமும் ஒரே முடிச்சாகப் பிணிக்கப்பட்டமையின் முதல் அறிகுறி. 1961இல் அம்பாறை தனி மாவட்டமாக்கப்பட்டது. 1983இல் மதுறு ஓயாத் தேசிய வனம் பிரகடனப்படுத்தப்பட்டபோது வேடர் தம் வேட்டைக்காட்டிலிருந்து வெளியேற்றப்பட்டனர். காட்டைக் காப்பதன் பெயரால் காட்டினரை அகற்றிய முரண் அது. 1990இன் வன்முறைகளால் தமிழரும் முஸ்லிம்களும் ஒருவர் ஊரைக் கடந்து மற்றவர் தம் வயலுக்குச் செல்லமுடியாத நிலை உருவாயிற்று. குடிமுறையையும் வயலொழுங்கையும் பகிர்ந்துவந்த இரு சமூகங்களின் பொது மரபு இதனால் முறிந்தது. வாவிப் பிரதேசத்தின் மரபு எனப் பேசுவோர் முஸ்லிம் உழவரை விட்டுவிட்டுப் பேசுவார்களாயின், அவர்கள் மரபின் ஒரு கையைத் துண்டித்தே பேசுகின்றனர்.

மரபு என்னும் சொல்லை ஆளும் வர்க்கமும் பயன்படுத்தவல்லது என்பதற்கு 2021ஆம் ஆண்டு போதிய சான்று. அவ்வாண்டு இரசாயன உர இறக்குமதி திடீரெனத் தடைசெய்யப்பட்டது. அந்நியச் செலாவணி நெருக்கடியின் நடுவே எடுக்கப்பட்ட அம்முடிவு, இயற்கை வேளாண்மையின் புனர்ஜென்மமாகவும் முன்னோர் வழியாகவும் அலங்கரிக்கப்பட்டது. 1958இல் வெளியான எச்-4 முதலாகப் பல தசாப்தங்களாக உரத்தை வேண்டும் நெல்லினங்களுக்கு உழவரைப் பழக்கிய அதே அரசு, ஒரே நாளில் அவரை எருக்குப்பைக்கு அனுப்பிற்று. நெல் விளைச்சல் வீழ்ந்தது. அவ்வாண்டு முடிவதற்குள்ளேயே தடை தளர்த்தப்பட்டது. எருத் தருவதற்கு மாடு வேண்டும். மாட்டுக்கு மேய்ச்சற்றரை வேண்டும். மேய்ச்சற்றரை பறிபோன நாட்டில் இயற்கை வேளாண்மையை ஆணையிடுவது வெற்றுக் களத்திற் பொலிபாடுவதை ஒக்கும்.

மயிலத்தமடு, மாதவனைப் பிரச்சினையை இப்பின்னணியிலேயே நோக்கவேண்டும். மட்டக்களப்பின் பால்பண்ணையாளர் தலைமுறைகளாகப் பயன்படுத்திவந்த இப்புல்வெளிகளிலே அத்துமீறிய பயிர்ச்செய்கை பரவியதை எதிர்த்து, 2023 செப்டெம்பரில் அவர்கள் சித்தாண்டியில் தொடர் அறப்போராட்டத்தை ஆரம்பித்தனர். மாடுகள் கொல்லப்பட்டமை பற்றி அவர்கள் மீண்டும் மீண்டும் முறையிட்டனர். காலநிலைக் கலக்கம் பற்றி ஆய்வரங்கிற் பேசுவோர், மண்ணின் பொருட்பரிமாற்றத்தைக் காக்கும் போராட்டம் வீதியோரக் கொட்டிலில் நடந்ததைக் காணாதிருத்தல் வியப்புக்குரியது. வாகரைக் கரையிலே இறால் பண்ணைகளையும் இல்மனைற் அகழ்வையும் எதிர்த்துக் குரலெழுப்பியோரும் இவ்வணியினரே.

6. முகத்துவாரத்தில் நின்று

பேணுதல் என்பது இணக்கம் மட்டுமன்று, முரண்பாட்டின் தீர்வும் ஆகும் என்பதற்கு வாவியே சான்று தருகின்றது. வாவியின் முகத்துவாரம் மணலால் அடைபட்டிருக்கும்போது மாரி வெள்ளம் தேங்கித் தாழ்ந்த வயல்களை மூழ்கடிக்கும். உழவன் முகத்துவாரத்தை உடனே வெட்டவேண்டும் என்பான். வெட்டினால் நன்னீர் கடலுக்கோடும், கடல்நீர் உட்புகும், மீனும் இறாலும் பெருகும் காலக்கணக்கு மாறும். அத்தாங்கும் வீச்சுவலையும் கொண்டு வாழ்பவன் வேறொரு நாளை விரும்புவான். இருவரும் ஏழைகள், இருவர் நியாயமும் நியாயமே. இத்தகைய முரண்பாட்டை 'முன்னோர் ஞானம்' என்னும் பொதுச்சொல் தீர்க்காது. தீர்ப்பதற்கு இருசாராரும் உரிமையுடன் அமரும் அவை வேண்டும்.

அத்தகைய அவை சாத்தியமே என்பதற்கும் இப்பிரதேசத்தின் எல்லையிலேயே சான்று உண்டு. 1981 முதல் கல்லோயா இடதுகரையில் கோர்ணெல் பல்கலைக்கழகத்தின் துணையுடன் உழவர் குழுக்கள் அமைக்கப்பட்டபோது, தலைவாய்க்காலின் சிங்கள உழவர் நீரைச் சேமித்துக் கடைவாய்க்காலின் தமிழ் உழவருக்கு விட்டனர். நாடு இனப்பகையில் எரியத் தொடங்கிய ஆண்டுகளில் இது நிகழ்ந்தது. அவ்வுழவர் ஆதிக்குடிகளல்லர், பலர் குடியேற்றவாசிகள். புனித மரமோ தொன்மமோ அவர்களை இணைக்கவில்லை. நீரின் மீதான பொறுப்பு அவர்கள் கையில் ஒப்படைக்கப்பட்டமையே அவர்களை இணைத்தது. நிலம் பேணும் பண்பு அமைப்பினாலும் உரிமையினாலும் விளைவது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

7. திறனாய்வின் கடமை

'மீன்பாடும் தேன்நாடு' என்னும் தொடர் மட்டக்களப்பின் பெருமையாக வழங்குகின்றது. எமர்சன் ரெனன்ற் தமது இலங்கை நூலில் (1859) வாவியினின்று எழுந்த இசையைப் பற்றி எழுதிய காலந்தொட்டு, பாடும் மீனைத் தேடிவந்தோர் பலர். ஆனால் அதே வாவியில் இரவெல்லாம் தோணி வலித்தவனின் பாடலைத் தேடி வந்தோர் சிலரே. இன்று சூழலியலின் பெயரால் நிகழும் மரபு வழிபாடும் இவ்விதம் மீனின் இசையைக் கேட்டு மீனவனின் குரலைத் தவறவிடும் அபாயமுடையது.

1957இன் பெருவெள்ளம், 1978 நவம்பர்ச் சூறாவளி, 2004 டிசெம்பர் ஆழிப்பேரலை, 2011 தொடக்கத்தின் வெள்ளம் எனப் பேரிடர்களைத் தொடர்ச்சியாகக் கண்ட பிரதேசம் இது. இவற்றுள் ஆழிப்பேரலை நிலநடுக்கத்தின் விளைவே. ஆயினும் அழிவு எவ்விடத்தும் வறியோர்மேல் விழுந்தது என்ற வகையில் அவை யாவும் ஒன்றே. வெப்பமடையும் உலகில் மழையும் வரட்சியும் மேலும் கடுமையாகும் என அறிவியல் எச்சரிக்கின்றது. அவ்வெச்சரிக்கையின் முன் மரபிலக்கியத்தைப் புறக்கணிப்பதும் அறிவீனம், அதை அருங்காட்சிப் பொருளாக்கி வணங்குவதும் அறிவீனம்.

மூலதனத்தின் மூன்றாம் தொகுதியில் (1894) மார்க்ஸ், எந்தச் சமுதாயமும் புவியின் உடைமையாளராகாது, அதன் தற்காலிகப் பயனாளரே என்றும், அடுத்த தலைமுறைக்கு அதை மேம்படுத்திக் கையளிக்கக் கடமைப்பட்டவர் என்றும் கருத்துரைத்தார். களவெட்டியில் நின்று பொலிபாடிய நிலமற்ற உழவன் இக்கருத்தை ஏட்டில் அறிந்தவனல்லன். எனினும் அவன் பேணிய மண்ணே நமக்கு வந்து சேர்ந்தது. அவனுக்கு மறுக்கப்பட்டது அம்மண்ணின் மீதான தீர்மான உரிமை. அவ்வுரிமை உழவனுக்கும் மீனவனுக்கும் பட்டிக்காரனுக்கும் வேடனுக்கும் கிட்டும்போதே மரபின் அறிவு வருங்காலத்துக்குப் பயன்படும். அதுவரை, பாடலின் நயத்தோடு அதைப் பாடியவனின் காணிப் பிரச்சினையையும் எடுத்துரைப்பது நமது திறனாய்வின் கடமையாக நிற்கின்றது.